இரண்டாவது பிரதி எதற்கு?

"இந்தப் பாட்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு பிரதி எதற்கு?" பென்சில்வேனியாவில் நான் வசிக்கும் ஊரின் சிறிய வரலாற்று நூலகத்தில் இப்படிக் கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அலமாரிகள் நிரம்பி வழிகின்றன. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க இசைத்தாள்கள், அதாவது ஸ்வரக்குறிகளோடு அச்சிட்டு விற்ற பாட்டுத் தாள்கள், அப்படியொன்றும் அரிய பொருளும் அல்ல. வயதானவர் ஒருவர் காலமாகி வீட்டுச் சாமான்களை விற்கும்போது, பியானோ இருக்கையின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கட்டு கிடக்கும். அந்தக் கட்டைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது, வைத்துக்கொள்ளவும் இடம் இருக்காது. கடைசியில் நூலகத்துக்கு வந்து சேரும். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டே போனால் என்ன ஆவது என்பது நியாயமான கவலைதான்.

அவர் இன்னொன்றும் சொன்னார். இவையெல்லாம் ஏற்கெனவே இணையத்தில் இருக்கின்றன, பெரிய நூலகங்கள் அந்த வேலையை முடித்துவிட்டன என்றார். அதிலும் உண்மை உண்டு. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் லெஸ்டர் லெவி தொகுப்பில் சுமார் 29,000 இசைத்தாள்கள் உள்ளன. தொப்பி வியாபாரக் குடும்பத்தில் பிறந்த லெவி தன் சொந்த ஆர்வத்தில் வாழ்நாள் முழுவதும் சேர்த்து, 1976இல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தவை அவை. அமெரிக்காவின் தேசிய நூலகமான காங்கிரஸ் நூலகம் பதிப்புரிமைக்காக வந்து சேர்ந்த பல்லாயிரம் தாள்களைப் படமெடுத்து வைத்திருக்கிறது. டியூக் பல்கலைக்கழகம் 3,042 தாள்களை வெளியிட்டிருக்கிறது. கறுப்பின அமெரிக்கர்களோடு தொடர்புடைய 1,305 தாள்களைப் பிரவுன் பல்கலைக்கழகம் தனித் தொகுப்பாகவே தந்திருக்கிறது. அப்படியிருக்க, சனிக்கிழமைதோறும் ஒரு சிற்றூர் நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து அதே பாட்டுகளை மறுபடி நான் பட்டியலிடுவானேன்?

அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் கேள்வி விடவும் இல்லை. இரண்டாவது பிரதி என்று ஒன்று இந்தத் துறையில் உண்டா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பல மாதங்கள் கழித்து, ஒரே பாட்டின் இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்தச் சந்தேகம் உறுதியானது. அந்தப் பாட்டுக்கு வருவதற்கு முன், இந்தத் தாள்களில் எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்தின் அடியில் இருக்கும் வரி

இசைத்தட்டு வராத காலத்தில் ஒரு பாட்டு ஊர் ஊராகப் பரவியது காகிதத்தில்தான். நடுத்தர வர்க்க வீட்டின் முன்கூடத்தில் ஒரு பியானோ, அதை வாசிக்கப் பழகும் ஒரு பெண், வாரம் ஒரு முறை வரும் ஆசிரியர், கடைத்தெருவில் புதுப் பாட்டு விற்கும் ஒரு கடை. இந்த ஏற்பாட்டை நம்பித்தான் நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா, சின்சினாட்டி, நியூ ஆர்லியன்ஸ் நகரங்களின் பதிப்பகங்கள் பிழைத்தன. முகப்பில் படம் அச்சிடும் லித்தோ (கல்லச்சு) பட்டறைகளும் அவற்றை நம்பி வாழ்ந்தன. ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் இளைஞனாக இருந்தபோது பாஸ்டனில் பஃபர்டு பட்டறையில் தொழில் பழகியவர். அப்போது அவர் வரைந்த வேலைகளில் இசைத்தாள் முகப்புகளும் அடங்கும். சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த முகப்புப் படங்களுக்காகத்தான் தாள்களை வாங்குகிறார்கள். ரயில், நீராவிக் கப்பல், தீயணைப்புப் படை, தேர்தல் வேட்பாளர் என்று படத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்தே விலையும் ஏறும். படம் இல்லாமல் வெறும் எழுத்து முகப்போடு வரும் தாளைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கோ அப்படிப்பட்ட தாள்களின் மேல்தான் அதிக ஆசை.

அவற்றில் பார்க்க வேண்டியது பக்கத்தின் அடிப்பகுதி. ஸ்வரக்குறிகளை அன்று வெள்ளீயக் கலவைத் தகட்டில் உளியால் தட்டிப் பதித்தார்கள். ஒவ்வொரு குறிக்கும் தனி உளி உண்டு. எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் தட்ட வேண்டும். தாளைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் தகட்டின் விளிம்பு காகிதத்தை அழுத்திய தடம் இன்றும் தெரியும். விரலால் தடவினாலே உணரலாம். அந்தத் தடத்துக்குள், அடிப்பக்க நடுவில், சிறியதாக ஓர் எண் இருக்கும். அது தகட்டு எண். பதிப்பாளர் தன் கிடங்கில் தகட்டைத் தேடி எடுப்பதற்காகப் போட்ட எண் அது. இன்று நமக்கு அந்தத் தாளின் பிறப்பைச் சொல்லும் குறியாக இருக்கிறது. நூலகங்கள் கணினியில் பயன்படுத்தும் மார்க் (MARC) பட்டியல் முறையில் இதற்கென்றே 028 என்று ஒரு புலம் (தகவல் எழுதும் கட்டம்) ஒதுக்கியிருக்கிறார்கள். பலர் அதை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

ஆண்டை மட்டும் நம்பவே கூடாது. 1831இல்தான் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்புகளை வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. அதன்பின் பதிப்புரிமை பெற்ற தாள்களில், இன்ன ஆண்டு இன்ன மாவட்ட நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டது என்ற நீண்ட வரி அச்சாயிற்று. 1870இல் பதிவு வேலை காங்கிரஸ் நூலகத்துக்கு மாறியதும் அந்த வரியின் வாசகமும் மாறியது. ஆனால் அந்த ஆண்டு பாட்டைப் பதிவு செய்த ஆண்டுதானே தவிர, கையில் இருக்கும் தாள் அச்சான ஆண்டு அல்ல. நல்ல தகடு பல வருஷம் உழைக்கும். ஒரு பதிப்பகம் இன்னொன்றிடம் தகடுகளை விற்றுவிடும், வாங்கியவர் பெயரை மட்டும் சுரண்டி மாற்றிக்கொள்வார். ஃபர்த் அண்ட் ஹால், பிறகு ஃபர்த், ஹால் அண்ட் பாண்ட், பிறகு ஃபர்த், பாண்ட் அண்ட் கம்பெனி, பிறகு வில்லியம் பாண்ட் என்று ஒரே நியூயார்க் கடையின் பரம்பரையைப் பெயர்களை வைத்தே வரிசைப்படுத்திவிடலாம். பிலடெல்பியாவில் தெருக் கதவெண்களை 1857இல் அடியோடு மாற்றினார்கள். முகப்பில் 1855 என்று போட்டிருந்தும் கடை முகவரி புதிய எண்ணில் இருந்தால், அந்தக் காகிதம் 1855இல் அச்சாகியிருக்க முடியாது. நட்சத்திரத்துக்குள் 2½ என்று போட்டிருந்தால் விலை 25 சென்ட். இப்படி ஒவ்வொன்றாகப் படித்தால் காகிதம் தன் வயதைத் தானே சொல்லிவிடும். ஸ்கேன் செய்பவர் அவசரத்தில் அடி ஓரத்தை வெட்டிவிட்டால் எல்லாம் போயிற்று.

இன்னொரு வகை வெட்டும் உண்டு. அந்தக் காலப் பெண்கள் தாங்கள் வாங்கிய தாள்களைச் சேர்த்துத் தோல் முதுகு வைத்து பைண்டு செய்து, அட்டையில் தங்க எழுத்தில் தங்கள் பெயரைப் பொறித்து வைத்துக்கொண்டார்கள். ஒரு தொகுதியைத் திறந்தால் ஒருத்தி எதை வாசித்தாள், எதை முதலில் வைத்தாள், ஆசிரியர் எங்கே திருத்தினார் என்பதெல்லாம் கண்முன் நிற்கும். வியாபாரிகள் அந்தத் தொகுதிகளைப் பிரித்து ஒவ்வொரு தாளாக விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். இடது ஓரத்தில் வரிசையாகத் தையல் துளைகள் இருக்கும் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பழைய தொகுதிகளைப் பிரித்துத் தலைப்பு வரிசையில் அடுக்குவதே நல்ல பட்டியலாக்கம் என்று நினைத்த நூலகங்களும் இருந்தன. தாள்களைத் தேட அது வசதிதான். ஆனால் அந்தப் பெண் காணாமல் போய்விடுகிறாள்.

இரண்டு தாள்கள்

எங்கள் நூலகத்துக்கு வந்த அப்படியொரு தொகுதியில் 'லிசன் டு த மாக்கிங் பேர்ட்' இருந்தது. பிலடெல்பியாவின் வின்னர் அண்ட் ஷஸ்டர் வெளியீடு, பதிவு ஆண்டு 1855. அதே பாட்டு ஏற்கெனவே எங்கள் அலமாரியில் இருந்தது. அது லீ அண்ட் வாக்கர் வெளியீடு, முகவரி 722 செஸ்ட்நட் தெரு, பதிவு ஆண்டு அதேபோல 1855. இரண்டில் ஒன்று கழிக்கப்பட வேண்டிய பிரதி என்று குறித்த காகிதச் சீட்டு தொகுதியின் மேலேயே செருகப்பட்டிருந்தது.

பாட்டு அன்று அமெரிக்கா முழுவதும் பரவியது. இறந்துபோன காதலியின் கல்லறை மேல் உட்கார்ந்து பல குரலில் பாடும் பறவையைப் பற்றிய துக்கப் பாட்டு. ஆனால் மெட்டு துள்ளிக் குதிக்கும். பியானோவில் வலது கை உச்ச ஸ்தாயிக்குப் போய்ப் பறவையின் சீழ்க்கையைப் போல நடுங்கும் இடம்தான் இதன் உயிர். தொகுதிக்குச் சொந்தக்காரி அந்த இடத்தில் நிறைய உழைத்திருக்கிறாள். பென்சிலில் விரல் எண்கள் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருக்கிறாள். கட்டைவிரலுக்குப் பெருக்கல் குறி, மற்ற விரல்களுக்கு 1 முதல் 4 வரை. அமெரிக்காவில் அன்று வழக்கிலிருந்த முறை அது. அந்தப் பெருக்கல் குறிகள் மேல் வரியில் நெருக்கமாக விழுந்திருக்கின்றன. பக்கத்தின் வலது கீழ் மூலை திருப்பித் திருப்பி மிருதுவாகித் துணிபோல ஆகியிருக்கிறது. அந்தக் காலத்துக் கந்தல் துணிக் காகிதம் அது. பின்னாளின் மரக்கூழ்க் காகிதமாக இருந்திருந்தால் மூலை எப்போதோ உதிர்ந்திருக்கும்.

இரண்டு முகப்புகளையும் ஒப்பிட்டேன். லீ அண்ட் வாக்கர் தாளில் ஆலிஸ் ஹாத்தோர்ன் என்ற பெயர் மட்டும் இருந்தது. அது செப்டிமஸ் வின்னர் என்ற இசை ஆசிரியரின் புனைபெயர். ஹாத்தோர்ன் அவர் தாயாரின் குடும்பப் பெயர். வின்னர் அண்ட் ஷஸ்டர் தாளிலும் அந்தப் பெயர் இருந்தது, எழுதி அமைத்தவர் என்ற முறையில். ஆனால் இசை அமைத்தவர் என்று அங்கே இன்னொரு பெயரும் இருந்தது: ரிச்சர்ட் மில்பர்ன்.

மில்பர்ன் பிலடெல்பியாவில் வாழ்ந்த கறுப்பினத்தவர். முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்தவர். கிட்டார் வாசித்துக்கொண்டே பறவைகளைப் போலச் சீழ்க்கை அடிப்பதில் வல்லவர், அதனால் தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் அடித்துக் காட்டிய மெட்டைத்தான் வின்னர் தாளில் எழுதிச் சொற்களும் சேர்த்தார். முதல் பதிப்பில் மில்பர்னின் பெயரைப் போடவும் செய்தார். பிறகு பாட்டின் உரிமையை லீ அண்ட் வாக்கருக்கு வின்னர் விற்றுவிட்டார், வெறும் ஐந்து டாலருக்கு விற்றார் என்று சொல்வார்கள். பெயர் அதன்பின் முகப்பிலிருந்து நீங்கியது. லட்சக்கணக்கில் விற்ற தாள்களில் அந்தப் பெயர் இல்லை. எங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளப்பட இருந்ததும் பெயர் இல்லாத அந்தத் தாள்தான், ஏனென்றால் அது சுத்தமாக இருந்தது. பென்சில் கிறுக்கல் இல்லை, மூலை மடங்கவில்லை.

அன்று மாலை வரை வேறு எந்த வேலையும் ஓடவில்லை. இந்தக் கதையைப் படித்தவர்கள் இருப்பார்கள், இசை வரலாற்று ஆய்வாளர்களுக்கு இது புதிதல்ல. எனக்கும் மேலோட்டமாகத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு மனிதனின் பெயர் இருக்கும் பக்கத்தையும் இல்லாத பக்கத்தையும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது வேறு. கழிக்கச் சொன்ன சீட்டு அந்தப் பெயரின் மேலேயே கிடந்தது.

அந்தக் காலம் அப்படித்தான் என்பவர்களுக்கு

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "அந்தக் காலம் அப்படி, கறுப்பர் பெயரை யார் அச்சிட்டிருப்பார்கள்?" என்றார். இந்தப் பதிலை நான் ஏற்க மறுக்கிறேன். அதே பிலடெல்பியாவில் ஃபிரான்சிஸ் ஜான்சன் என்ற கறுப்பின இசைக்குழுத் தலைவரின் நடன இசைத் தொகுப்பு 1818இலேயே அவர் பெயரோடு அச்சானது. அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே நகரத்தில், மில்பர்னின் பெயர் முதல் முகப்பில் இருக்கவும் செய்தது. அச்சிட வழி இருந்தது, அச்சிட்டும் காட்டினார்கள். பிறகு எடுத்தார்கள். எடுத்தது காலம் அல்ல, கடை.

வெள்ளைக்காரரின் பெயரும் பறிபோனதுண்டே என்றும் கேட்கலாம். உண்டு. அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டரின் 'ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்' 1851இல் ஃபர்த், பாண்ட் வெளியீடாக வந்தபோது எழுதி இசையமைத்தவர் கிறிஸ்டி என்று முகப்பு சொன்னது. வெள்ளையர்கள் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிய 'மின்ஸ்ட்ரல்' மேடைக் குழு ஒன்றின் தலைவர் அவர். பணம் வாங்கிக்கொண்டு ஃபாஸ்டரே அதற்குச் சம்மதித்திருந்தார். மறு ஆண்டு மே மாதம் தன் பெயரைத் திரும்பப் போடும்படி கிறிஸ்டிக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்டி இணங்கவில்லை. 1864 ஜனவரியில் ஃபாஸ்டர் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில், 37 வயதில், ஏழையாக இறந்தார். ஆனால் சட்டப்படி 28 ஆண்டுகள் கழித்துப் பதிப்புரிமையைப் புதுப்பிக்கும் உரிமை படைத்தவருக்கோ அவர் மனைவி மக்களுக்கோ இருந்தது. 1879இல் அது புதுப்பிக்கப்பட்டபோது அவர் பெயர் முகப்புக்கு வந்தது. அவருடைய கையெழுத்துக் கடிதம் இருந்தது, ராயல்டிக் கணக்கு இருந்தது, குடும்பம் இருந்தது, சட்டம் இருந்தது. மில்பர்னிடம் இருந்தது ஒரு சீழ்க்கை. பதிப்புரிமைப் பதிவு அவர் பெயரில் இல்லை. திரும்பி வருவதற்கு அவர் பெயருக்கு எந்த வாசலும் திறந்திருக்கவில்லை.

பட்டியலாக்கத்தின் மேல் எனக்குள்ள ஆதங்கம் இங்கேதான் வருகிறது. இன்று ஒரு தாளைப் பட்டியலிடும்போது பலர் முதலில் செய்வது, பொதுப் பட்டியலில் அந்தத் தலைப்பைத் தேடி, வேறு நூலகம் எழுதி வைத்த பதிவை அப்படியே இறக்கிக்கொள்வதுதான். நேரம் மிச்சமாகும், தவறில்லை. ஆனால் இறங்கி வருவது பெரும்பாலும் அதிகம் விற்ற பதிப்பின் பதிவு. அதிகம் விற்ற பதிப்பில் இருப்பது ஹாத்தோர்ன் மட்டும். நம் கையில் முதல் பதிப்பே இருந்தாலும், முகப்பைப் பார்த்து எழுதாமல் பதிவை இறக்கினால், லீ அண்ட் வாக்கர் செய்த வேலையை நாம் இன்னொரு முறை செய்கிறோம். கையில் இருக்கும் தாளில் உள்ளதை உள்ளபடி எழுது என்பது பட்டியலாக்கத்தின் மிகப் பழைய விதி. சலிப்பூட்டும் விதி என்று நூலகப் பயிற்சி வகுப்பில் முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதைவிட நேர்மையான விதி தெரியாது.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மில்பர்னின் பெயர் இருக்கும் அதே முகப்பு அந்தப் பாட்டை 'எத்தியோப்பியன்' பாட்டு என்றுதான் அறிமுகப்படுத்துகிறது. கறுப்பின மக்களைக் கேலி செய்து வெள்ளையர்கள் ஆடிய மேடைக்கான பாட்டு என்பதற்கு வியாபாரம் வைத்த பெயர் அது. அவருக்குக் கிடைத்த ஒரே மரியாதை அவரை அவமதிக்கும் வரியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தக் கட்டுகளில் பாதிக்கு மேல் அந்த மேடையின் தாள்கள்தான், சில முகப்புகளைக் கண்கொண்டு பார்க்க முடியாது. அவற்றின் தலைப்புகளைப் பட்டியலில் மென்மையாக்கிவிடலாம், சிலவற்றைப் பொதுப் பார்வைக்கு வைக்காமல் விடலாம் என்ற யோசனைகள் வந்தன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அச்சானதை அச்சானபடி எழுத வேண்டும், படத்தில் என்ன வரைந்திருக்கிறது என்பதைக் குறிப்பில் நேராகச் சொல்ல வேண்டும், பார்ப்பவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கையும் தர வேண்டும். தலைப்பைக் கழுவினால் கேலி செய்தவர்கள்தான் தப்பிப்பார்கள். அதோடு மில்பர்ன்களும் சேர்ந்து கழுவப்பட்டுவிடுவார்கள்.

அந்தத் தொகுதியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறோம். அதற்கு ஒரு முழுப் பதிவு, உள்ளே உள்ள ஒவ்வொரு தாளுக்கும் தனித் தனிப் பதிவு, ஒன்றையொன்று சுட்டும்படி எழுதினேன். மாக்கிங் பேர்ட் தாளுக்கு மில்பர்னின் பெயரை முகப்பில் உள்ளபடி எழுதியதோடு, அந்தப் பெயரைத் தட்டித் தேடினாலும் தாள் கிடைக்கும்படி பெயர்ப் புலத்திலும் சேர்த்தேன். லீ அண்ட் வாக்கர் தாளையும் கழிக்கவில்லை. அதன் குறிப்பில், முந்தைய பதிப்பில் இசை மில்பர்னுடையது என்று அச்சாகியிருப்பதையும் இந்தப் பதிப்பில் அது நீக்கப்பட்டிருப்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது பிரதி எதற்கு என்று கேட்டவர் இரண்டு முகப்புகளையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, இனி எந்தத் தாளையும் கழிப்பதற்கு முன் முகப்பையும் அடி வரியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

கழிப்பதற்காக ஏற்கெனவே கட்டி வைத்திருந்த தாள்களை இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் யாராவது பழைய சாமான் விற்பனையில் இப்படியொரு கட்டைப் பார்த்தால், பைண்டு செய்த தொகுதியாக இருந்தால் தயவுசெய்து பிரித்து வாங்காதீர்கள், முழுசாக வாங்குங்கள். படமெடுத்து அனுப்புவதாக இருந்தால் பக்கத்தின் அடி ஓரமும் படத்தில் விழட்டும்.